அரைமணி நேரத்துக்கு ஒன்றும் சாப்பிடாமல்

எச்சில் துப்புவதற்கு முன்னால் அரைமணி நேரம் ஒன்றும் சாப்பிட்டிருக்கக் கூடாது என்று, ஆராய்ச்சிக்கு மாதிரி எடுக்க வந்த கலைமணி சொன்னதும்தான் லீலா மேரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உடனே பையிலிருந்து வறுத்த முந்திரியை அள்ளி மகள் வாயில் திணித்தாள். ஷாலினி மேரி மறுக்காமல் மென்றாள்.

ஷாலினியிடம் நீட்டிய குழாயைக் கலைமணி பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "அரைமணி கழிச்சு வாங்க டீச்சர்."

வரதராசன்பேட்டை மாதா கோயில் மண்டபத்தில், பூசைக்கு வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. ஆதி மனிதர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து எந்த வழியாக நடந்து இந்தப் பக்கம் வந்தார்கள் என்பதை எச்சிலை வைத்துக் கண்டுபிடிக்கிறார்களாம். போன ஞாயிறே சாமியார் அறிவித்திருந்தார். லீலா மேரி முதல் ஆளாகப் போய்க் குழாய் நிறையத் துப்பிவிட்டு வந்தாள். எந்த நேரத்தில் அந்த ஆசை வந்ததோ!

அதற்கப்புறம்தான் கலைமணி விளக்கம் சொன்னான். தாயிடமிருந்து பிள்ளைக்கு ஓர் அடையாளம் அநேகமாக மாறாமல் வருமாம். அதைப் பிடித்துக்கொண்டே, தாய்க்குத் தாய் என்று பின்னால் போனால் அவர்கள் நடந்து வந்த பாதை தெரியுமாம். அதனால் அம்மாவும் பெண்ணுமாகக் கொடுத்தால் இன்னும் நல்லதாம்.



ஷாலினி லீலா மேரி பெற்ற பிள்ளை இல்லை.

கணவருக்குச் சேலத்தில் வேலை இருந்த காலத்தில் கன்னியாஸ்திரிகளிடமிருந்து வாங்கி வந்த கைக்குழந்தை. ஊருக்குத் திரும்பும்போது மூன்று பேராகத் திரும்பினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் கடைசிவரை வாயைத் திறக்காமல் கல்லறைக்குப் போய்விட்டார்.

பேர் எதுவும் வெளியில் போகாது என்று கலைமணி சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். அவளுக்கு நம்பிக்கை இல்லை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று சாமியார் கேட்பார். ஷாலினியே கேட்பாள்.

அரைமணி முடியப்போகும் நேரம் பார்த்து டீ வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஷாலினி அதையும் சிரித்துக்கொண்டே குடித்தாள். கலைமணி மறுபடி வாட்சைப் பார்த்தான்.

அடுத்த அரைமணி முடியும்போது பெட்டிக்கடைக்கு ஓடினாள். கடலைமிட்டாய் மட்டும்தான் மீதி இருந்தது. பல்லில் ஒட்டும் என்று ஷாலினி சின்ன வயதிலிருந்தே அதைத் தொடமாட்டாள். லீலா மேரி வெறுங்கையோடு திரும்பி வந்தாள். வேனில் சாமான் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.

"டீச்சர், நீங்கதான் பாக்கி." கலைமணி குழாயை நீட்டினான்.

அறிவியல் டீச்சர் ஷாலினி மேரி எழுந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து வாயில் போட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு கடித்தாள்.

"அய்யய்யோ, மறந்துட்டேன் சார். எங்கம்மாவோடது இருக்குல்ல, அதுவே போதும்."

கலைமணி எரிச்சலோடு பெட்டியை மூடினான்.

லீலா மேரி மகளின் பைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு பாக்கெட் நிறையக் கடலைமிட்டாய் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வந்திருக்கிறாள்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க வாயைத் திறந்தாள்.

ஷாலினி அந்த வாயிலும் ஒன்றைப் போட்டாள்.