அறுபத்தி நாலு கிலோ

"இந்த நோட்டுல இருக்கது பூரா பொய்!"

சிஸ்டர் செல்வராணி நோட்டைக் கட்டில் மேல் வீசினாள். அது ஆன்டனியின் வீங்கிய காலில் பட்டுத் தரையில் விழுந்தது. வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

"மெஷின்ல ஏத்துனா அறுபத்தெட்டு காட்டுது. நோட்டுல இன்னைக்குக் காலைல வரைக்கும் அறுபத்தி நாலு. மிச்சம் நாலு கிலோ எங்கன போச்சு அண்ணாச்சி?"

ஆன்டனி வாயெடுத்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். பேச மூச்சு வரவில்லை.

காலையில்தான் தருவைகுளத்திலிருந்து ஆட்டோவில் தூக்கி வந்திருந்தார்கள். இன்னும் அரை மணி நேரம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். ஊசி போட்டபின் இப்போதுதான் கொஞ்சம் தேவலை. ஆனாலும் கண்டம் தாண்டவில்லை.

செல்வராணிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதயம் பலவீனம் என்று இதே ஆள் வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்தியவள் அவள். உப்பைக் குறைங்க, தண்ணி ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம், தினம் காலையில் எடை பார்த்து எழுதுங்க, இரண்டு கிலோ ஏறினால் உடனே போன் பண்ணுங்க. அத்தனையும் சொல்லி, வீட்டில் எடை மெஷின் இல்லை என்றதும் தன் வீட்டு மெஷினையே தூக்கிக் கொடுத்தாள். அதை வைத்துக்கொண்டா இந்தப் பொய்?

"கருவாடு தின்னீயளா?"

"மாதா மேல சத்தியமா இல்லம்மா" என்றாள் இசபெல்லா, அவர் மனைவி. "கருவாட்டுப் பானையை எங்க அக்கா வீட்டுக்குக் குடுத்துட்டேன். உப்பில்லாத கஞ்சியத்தான் குடிக்காரு. தண்ணியக்கூட பாட்டில்ல அளந்துதான் குடிக்காரு."

"அப்ப எடையில மட்டும் ஏன் கள்ளம்? ஏற ஆரம்பிச்சன்னைக்கே ஒரு போன் அடிச்சிருந்தா டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருப்பாரு. வீட்லயே சரியாப் போயிருக்கும்."

இசபெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன வாரம் செக்கப்புக்கு வந்தப்போ இந்த நோட்டைக் காட்டி டாக்டர்ட்ட எவ்வளவு பெருமை பீத்துனேன்! என் மூஞ்சில கரியப் பூசிட்டியளே. முப்பது வருசமா மீன் ஏலத்துல எடை போடுதவருன்னு சொன்னாவ. ஊர் மீனுக்கெல்லாம் நல்ல எடை, சொந்த உடம்புக்குக் கள்ள எடையா?"

ஆன்டனியின் முகம் சுருங்கிவிட்டது. குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"கள்ள எடைன்னு மட்டும் சொல்லாதீய சிஸ்டர்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீய. காலைப் பாருங்க, எப்படி வீங்கியிருக்குன்னு."

"நீங்கதான சொன்னீய? திடீர்னு ஏறுதது சதை இல்ல, தண்ணின்னு."

"ஆமா, சொன்னேன். அதுக்கு?"

"தண்ணிய எப்படி சிஸ்டர் எடையில சேக்க?"

அவர் நிஜமாகவே கேட்டார். செல்வராணிக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆன்டனி மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "மீன் கூடையில ஐஸ் தண்ணி நிக்கும். எத்தனை கிலோ தண்ணின்னு பார்த்துக் கழிச்சிட்டுத்தான் நாங்க எழுதணும். சேத்து எழுதுனா அதுக்குப் பேருதான் கள்ள எடை. நான் ஒருநாளும் அப்படி எழுதுனதில்ல. என் எடை அறுபத்தி நாலுன்னு மொத நாளு நீங்கதான் போட்டுத் தந்தீய. அதுக்கு மேல ஏறுனது பூரா தண்ணி. கழிச்சிட்டேன்."

"அதனாலதான் போனும் பண்ணலையா?"

"எடைதான் ஏறலையே சிஸ்டர்."

செல்வராணிக்குக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எடை பார்க்கச் சொன்னவள், எதற்கென்று சொல்லவில்லை. அந்தத் தண்ணீரைக் கண்டுபிடிக்கத்தான் எடையே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"கழிச்சத மறைக்கவும் இல்ல சிஸ்டர்" என்றார் ஆன்டனி. "கழிவைப் பின்பக்கம் எழுதிவைக்கணும், அதான் எங்க வழக்கம். கடைசித் தாளைப் பாருங்க."

இசபெல்லா நோட்டைத் தரையிலிருந்து எடுத்து, சேலையில் துடைத்து, நீட்டினாள்.

கடைசித் தாளில் 'தண்ணிக் கழிவு' என்று அழகாகத் தலைப்புப் போட்டிருந்தது. கீழே தேதி வாரியாக எழுதியிருந்தார். அரைக் கிலோ. ஒன்று. ஒன்றரை. இரண்டு. மூன்று. இன்று காலை, மூச்சு விட முடியாத நேரத்தில், கோணல் மாணலாக நாலு. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

செல்வராணியின் விரல் பன்னிரண்டாம் தேதியில் நின்றது. செக்கப்புக்கு வந்த நாள். கழிவு இரண்டு கிலோ.

அவசரமாக முன்பக்கம் புரட்டினாள். பன்னிரண்டாம் தேதி, அறுபத்தி நாலு. பக்கத்தில் சிவப்பு மையில் 'வெரி குட்' என்று போட்டு, கீழே அவளுடைய கையெழுத்து.

"இப்பச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார் ஆன்டனி. "கள்ள எடையா போட்டேன் நான்?"

செல்வராணி தன் கையெழுத்தைக் கட்டைவிரலால் மறைத்தாள். அன்றைக்கு வெளியே நல்ல கூட்டம். நோட்டைப் பார்த்ததோடு சரி, ஆன்டனியை அவள் மெஷினில் ஏற்றவே இல்லை.