நேரம் ஆகட்டும்

ஒலிபெருக்கி கரகரத்தது. அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

வேறு யாரோ.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அத்தனை பேரும் தங்கள் பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று தவம் கிடந்தார்கள். கூப்பிடவே கூடாது என்று உட்கார்ந்திருந்தவன் அவன் ஒருவன்தான். காலையில் வாங்கிய இட்லிப் பொட்டலம் மடியில் பிரிக்காமல் இருந்தது.

மணி பத்தே கால்.

நேற்று டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டுக் காட்டியிருந்தார். கர்ப்பப்பை வாயில் ஒரு சாயம் ஏற்றுவார்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கேமரா வழியாகப் பார்ப்பார்கள். சாயம் ஓடிப்போய்ச் சேர்கிற முதல் நிணநீர் முடிச்சு பச்சையாக மின்னும். புற்று பரவியிருந்தால் முதலில் போய் உட்காருவதும் அங்கேதான். அதை எடுத்து உடனே சோதிப்பார்கள்.

சுத்தமாக இருந்தால் நோய் பிடித்த வாய்ப்பகுதியை மட்டும் எடுப்பார்கள். நாலு மணி நேரம் பிடிக்கும். கர்ப்பப்பை தங்கும்.

பரவியிருந்தால் அதோடு தைத்து அனுப்பிவிடுவார்கள். பிறகு கதிர்வீச்சு. பிள்ளைப் பேச்சே கிடையாது.

அவன் மனைவி சிவரஞ்சனி ஒன்பதுக்கு உள்ளே போனாள். பதினொன்றுக்குள் கூப்பிட்டால் எல்லாம் போயிற்று.

அவள் பிழைத்து வந்தால் போதும் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். அதுவும் பொய்யில்லை. ஆனாலும் அவனுக்கு ஒரு பிள்ளை வேண்டும். அவள் ஜாடையில் ஒன்று.

பக்கத்து நாற்காலி அக்கா, தங்கைக்காகக் காத்திருப்பவள், அவன் பக்கம் சாய்ந்தாள்.

"உங்க வீட்டுக்காரிக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன் தம்பி. சீக்கிரம் முடிச்சு வெளிய அனுப்பணும்னு."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, அப்படி வேண்டாதீங்கக்கா."

திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னான். அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை வெகுநேரம் திறக்கவில்லை.

பத்து ஐம்பதுக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. அவன் உயிர் அவனிடம் இல்லை.

அவள் தங்கையின் பெயர்.

பையை எடுத்துக்கொண்டு ஓடியவள், இரண்டு எட்டில் திரும்பி வந்தாள். முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் இட்டாள்.

"உங்களுக்கு ரொம்ப நேரம் ஆகட்டும் தம்பி."

பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. எத்தனையோ பெயர்கள் வந்தன.

பன்னிரண்டு மணிக்கு அவனுக்குப் பசித்தது.

இட்லி ஆறி விறைத்துப் போயிருந்தது. ஒன்றுவிடாமல் தின்றான்.