வயசுக்கு வந்த புழுக்கள்

"யக்கா! உன் புழுங்க வயசுக்கு வந்துட்ச்சு!"

அறையைப் பெருக்க வந்த அம்முலு கத்தியதும் சுப்ரஜா ஓடி வந்தாள்.

பத்துக் கண்ணாடிக் குப்பிகள். எட்டில், பழ ஈயின் புழுக்கள் பழுப்பு அரிசி போலக் கூடாகிச் சுவரில் ஒட்டியிருந்தன. இரண்டில் மட்டும் இன்னும் நெளிந்துகொண்டிருந்தன.

சுப்ரஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாக்கா, நல்ல சேதி சொன்னா மூஞ்சி இப்டிப் போவுது? மஞ்சத்தண்ணி ஊத்துவேன்னு பாத்தேன்."

"இதுங்க கூடு கட்டவே கூடாது, அம்முலு. போன வாரம் சொன்னேனே."

"சொன்ன. மூளையாண்ட இன்னாவோ சுரப்பி கீதாம். அதுல மருந்து ஊறினாத்தான் புழு ஈ ஆவுமாம். இதுங்களுக்கு ஊறாதாம். தின்னுக்கினே கெடக்குமாம், எங்க வூட்டுக்காரன் மாறி."

சுப்ரஜா சிரிக்கவில்லை.

"அந்த மருந்தை ஊற வைக்கிற ஜீனைக் கண்டுபிடிச்சுட்டேன்னு நாலு வருஷமா நினைச்சிண்டிருந்தேன். அந்த ஜீன் கெட்டுப்போன புழுதான் இதெல்லாம். இதுவும் கூடு கட்டிடுத்துன்னா, நான் கண்டுபிடிச்சது தப்பு."

சென்னை ஆய்வுக்கூடத்தில் உண்ணிப்பூச்சி விழுந்து மற்ற புழுக்களெல்லாம் அழிந்த பிறகு, உத்திரமேரூர் வீட்டுக்குப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கடைசிக் குப்பிகள் அவை. வேண்டாத ஈயை வெளியே விடக் கூடாது என்பது ஆய்வுக்கூட விதி. மீதி இரண்டும் நாளைக்குள் கூடாகிவிடும் என்று பத்திலும் கொதிக்கும் நீரை ஊற்றினாள்.

அம்முலு ஜன்னலுக்கு வெளியே குழாயடியில் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பேராசிரியர் ஆராவமுதன்.

"சுப்ரஜா, நாம கேட்ட, கூடு கட்ட வைக்கிற ஹார்மோன் அமெரிக்காவிலேர்ந்து வர இன்னும் ஆறு மாசமாகுமாம். ஆனா அதே சரக்கு ஒரு களைச்செடி வேர்ல இருக்காம். உன் புழுவுக்குக் கொடுத்துப் பாரும்மா. குடிச்சது கூடு கட்டி, குடிக்காதது கட்டலேன்னா உன் ஜீன் சரி. தீசிஸ் முடிஞ்சுது!"

சுப்ரஜா ஜன்னல் வழியே காலிக் குப்பிகளைப் பார்த்தாள்.

"எந்தச் செடி சார்?"

"நாயுருவி."

"நாயுருவியா?"

குழாயடியிலிருந்து அம்முலு எட்டிப் பார்த்தாள்.

"நாயுருவி வேரா? அதத்தான்க்கா மூணு நாளா உன் புழுங்களுக்கு ஊத்தினேன். எங்க தங்கச்சி செங்கேணி வயசுக்கு வராதப்போ அதான் குட்த்தோம். ரெண்டு புட்டிக்குத்தான் சாறு பத்தல."