காரணம் சொல்லும் ஆணை

அரசு ஒன்றை மறுத்தால், ஏன் மறுக்கிறது என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும். இந்த ஒன்றுக்காகவே வழக்கறிஞர் எஸ்தர் ஞானமணி மதுரையில் முப்பது வருடம் வாதாடினார். அதைப் பற்றி அவர் எழுதிய நூல் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருந்தது.

இப்போது ஆணை பிறப்பிப்பது அதிகாரி அல்ல, இயந்திரம். அது காரணம் சொல்லாமல் எதையும் மறுப்பதில்லை.

தொண்டியிலிருந்து வந்த சகாயராணி, தன் ஒன்பது வயது மகளுக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடையாது என்ற ஆணையை எஸ்தரிடம் நீட்டினாள். அதே சிறுநீரகத்தால் வேறொருவர் அதிக நாள் வாழ்வார் என்பதைப் பதினோரு பக்கங்களில் விளக்கியிருந்தது. எஸ்தரின் நூலையே மூன்று இடங்களில் மேற்கோள் காட்டியிருந்தது. பிற்பகல்வரை வரிவரியாகத் தேடியும் அவருக்கு ஒரு பிழையும் அகப்படவில்லை.

"எல்லாம் சரியாத்தாம்மா எழுதியிருக்கு," என்றார் தயங்கியபடி.

"அப்ப எம்மக சாகுறதும் சரிதானாம்மா?"

எஸ்தர் மேசைக் கணினியைத் தன் பக்கம் இழுத்தார். வாழ்நாளில் முதல்முறையாக, சட்டப்பிரிவு எதையும் காட்டாத மேல்முறையீடு ஒன்றை எழுதி அனுப்பினார்: 'இந்தக் குழந்தை பிழைக்கட்டும்.'

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. காரணம் குறிப்பிடாத மனுவை ஏற்க இயலாது.

"என்னம்மா சொல்லுறாக?" என்று சகாயராணி எட்டிப் பார்த்தாள்.

எஸ்தர் கணினியை மூடினார். "பிள்ளைக்கு என்னம்மா புடிக்கும்?"

சகாயராணிக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பதினோரு பக்கங்களையும் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கடல்ல குளிக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா," என்றாள்.