லேசான டியூப்

ஞாயிறுதோறும் சைக்கிள் பந்தயத்தில் அமலநாதன் முந்திப் போவதைப் பார்த்து லூர்துபிரகாஷுக்கு வயிறு எரிந்தது.

"எப்டிடா இப்டிப் பறக்கற?"

"ரப்பர் டியூப்பக் கழட்டிட்டு லேசான பிளாஸ்டிக் டியூப் போட்டுட்டேன்ணே."

'அதானே பார்த்தேன்! வேகம் இந்தப் பயல் காலிலா இருக்கிறது?' அன்றே யாருக்கும் தெரியாமல் தானும் அதையே வாங்கி மாட்டினார்.

அடுத்த வாரமும் அமலநாதன்தான் முன்னால். போதாததற்கு, முதலியார்பேட்டை தாண்டுவதற்குள் லூர்துபிரகாஷின் டயர் பஞ்சர். முன்னால் போனவன் திரும்பி வந்து, டயருக்குள்ளிருந்து டியூபை உருவினான்.

"அடடா, பிளாஸ்டிக்கா? எங்கிட்ட இருக்கற பசை ரப்பர்லதான்ணே ஒட்டும்."

"அப்ப உன் டியூபுக்கு என்னத்தடா ஒட்டுவ?"

அமலநாதன் தலையைச் சொறிந்தான்.

"நான் இன்னும் ரப்பர்தாண்ணே. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு அன்னிக்கு அப்டிச் சொன்னேன்."