கடைசி வரிசை

"ப்ரைம் லென்ஸ்னா மூஞ்சிக்கு முன்னாடி போய் நிக்கணும்ணே. ஜூம்ல இங்கருந்தே கடைசி வரிசை மூக்குத்திய எண்ணலாம், பாக்குறீங்களா?" என்று வீடியோக்காரரிடம் பீற்றியபடியே போட்டோக்காரன் முகிலன் மேடையிலிருந்து லென்ஸைத் திருகினான். தன் கேமரா பார்ப்பதெல்லாம் கல்யாண மண்டபத்தின் பெரிய திரையிலும் ஓடுவதை மறந்துவிட்டான். கடைசி வரிசையில் ஊதாச் சேலைக்காரி ஒருத்தி இரண்டு லட்டுகளைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பார்சல் கவுண்டர் அங்கயா இருக்கு?" என்று யாரோ கேட்க, மண்டபமே சிரித்தது. அவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். லட்டுகளை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

முகிலன் திரைக்குப் போகும் வயரைப் பிடுங்கினான். ஜூமைக் கழற்றிவிட்டு ப்ரைமை மாட்டினான். கொஞ்ச நேரத்தில் அவளே மணமக்களை வாழ்த்த மேடையேறினாள். ப்ரைமில் படமெடுக்க அவன் அவள் முகத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது.

"இங்க பாருங்கக்கா," என்றான்.

அவள் கைப்பையைத் திறந்து லென்ஸுக்கு நேராக நீட்டினாள். "ஒண்ணுமில்ல தம்பி. நல்லா பாத்துக்கோங்க."

காட்சியைத் தூரமாக்க அவன் விரல்கள் ஜூம் வளையத்தைத் தேடின. ப்ரைம் லென்ஸில் அது கிடையாது.