விளக்குக்குள் ஒரு குமிழி

இத்தாலியில் ஒரு கிழவர் ரொம்ப காலத்துக்கு முன்னே குழாயில் ஊதிச் செய்த கண்ணாடி விளக்கு அது. பூவும் இல்லை, கொடியும் இல்லை. தேன் நிறத்தில் பூசணிக்காய் போல வெறும் உருண்டை. கப்பலேறி வந்து ஒரு வீட்டு உத்தரத்தில் கயிற்றில் தொங்கியது. அதன் தடித்த கண்ணாடிக்குள் கடுகளவு குமிழி ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது.

"நான் அவரோட மூச்சு. அவர் நெஞ்சுக்கே திரும்பிப் போகணும்" என்று குமிழி தினமும் புலம்பும்.

"நீ போகணும்னா நான் உடையணும்டி" என்று விளக்கு சொல்லும்.

ஒருநாள் சாயங்காலம் உத்தரத்தில் எலி வந்தது.

"எலியண்ணே, இந்தக் கயித்தைக் கடிச்சு விடேன்" என்று குமிழி கெஞ்சியது. விளக்கு நடுங்கியது.

எலிக்குக் கடிக்கச் சொல்லியா தரணும்? பாதிக் கயிற்றை அறுத்துவிட்டு, வாயில் நாரோடு கேட்டது: "ஆமா, அந்த மனுசன் இன்னும் மூச்சு விடுறாரா?"

குமிழி யோசித்தது. அன்றைக்கே அவருக்குத் தாடி வெளுத்திருந்தது.

"அவர் ஊதித்தான் என் வயிறு இப்படி உருண்டது" என்றது விளக்கு. "அந்த மூச்செல்லாம் அன்னைக்கே காத்தோட போயிடுச்சு. தங்கினது நீ ஒருத்திதான்."

குமிழி மெல்லக் கேட்டது: "அண்ணே, மிச்சக் கயிறு தாங்குமா?"

"ஆடாம இருந்தா தாங்கும்."

கீழே யாரோ சுவிட்சைத் தட்டினார்கள். வீடெல்லாம் தேனாக ஒளி பரவியது.

அன்றிலிருந்து ஜன்னல் வழியாகக் காற்று வந்தால், "மெதுவா, மெதுவா" என்று முதலில் சொல்வது குமிழிதான்.